பட்டனை அழுத்தியும் பதில் இல்லையா? பழைய ஹைப்ரிட் காரின் ஏசி கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி



"தம்பி, ஏசி பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆக மாட்டேங்குதுங்க. கேஸ் போயிடுச்சுங்களா?" ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. வந்திருப்பது சாதாரண கார் என்றால் எங்கே கை வைப்பது என்று ஓரளவு நமக்குத் தெரியும். வந்திருப்பது ஹைப்ரிட் கார் என்றால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"ஹைப்ரிட் காரெல்லாம் பணக்காரர் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2008ல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட், 2010ல் ப்ரியஸ், 2013ல் கர்நாடகத்தின் பிடதியில் பூட்டிய கேம்ரி ஹைப்ரிட் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2022ல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் ஆகியவை வந்த பிறகு நடுத்தர விலைக்கும் ஹைப்ரிட் இறங்கிவிட்டது. இன்று புதிதாக ஓடுகிற வண்டி நாளை இரண்டாம் கைக்கு, மூன்றாம் கைக்குப் போகும். அப்போது அது வந்து நிற்கப் போவது நாம் வேலை பார்க்கும் பட்டறையில்தான்.

இந்த நிலைமையை நமக்கு முன்பே பார்த்துவிட்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். ஜப்பானில் ஓடிய பழைய ப்ரியஸ், ஆக்வா போன்ற கார்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிறைய ஓடுகின்றன. 2020ல் அந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025ல்தான் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியைப் பழுது பார்த்துத்தான் ஓட்டியாக வேண்டும். ஆகவே பழைய ஹைப்ரிட்டைப் பழுது பார்ப்பது என்பது பிழைப்புக்கான படிப்பு.

1. இந்த ஏசியில் என்ன புதுமை?

சாதாரண காரில் என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் வந்து ஏசி கம்ப்ரசரைச் சுற்றுகிறது. பட்டனை அழுத்தியதும் காந்த கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும். அனுபவப்பட்ட மெக்கானிக் அண்ணன்மார் அந்தச் சத்தத்தை வைத்தே பாதி கோளாறைச் சொல்லிவிடுவார்கள்.

ஹைப்ரிட்டில் சிக்கல் என்னவென்றால், சிக்னலில் நின்றால் என்ஜினே நின்றுவிடும். பெல்ட்டை நம்பினால் குளிர்ச்சியும் நின்றுவிடும். முதல் தலைமுறை ப்ரியஸில் பெல்ட் கம்ப்ரசர்தான் இருந்தது. 2003ல் வந்த இரண்டாம் தலைமுறையில் கம்ப்ரசருக்கு உள்ளேயே மின்மோட்டார் வைத்துவிட்டார்கள். சிவிக் ஹைப்ரிட்டில் பெல்ட் பாதி, மின்மோட்டார் பாதி என்று இரண்டும் சேர்ந்த கம்ப்ரசர். மின்மோட்டார் மட்டுமே உள்ள வண்டியில் பெல்ட் கிடையாது, கிளட்ச் கிடையாது, 'டக்' சத்தமும் கிடையாது. சத்தம் வரவில்லை என்பதற்காக "கம்ப்ரசர் போச்சு" என்று சொன்னால் தப்பு.

இந்த மோட்டாருக்கு மின்சாரம் பெரிய பேட்டரியிலிருந்து வருகிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 7.2 வோல்ட் கொண்ட 28 மாட்யூல்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள், 201.6 வோல்ட் டிசி. அதை இன்வெர்ட்டர் மூன்று ஃபேஸ் ஏசி மின்சாரமாக மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கிறது. நம் ஊர் டையிங், காம்பாக்டிங் மில்களில் மோட்டார் வேகத்தை மாற்ற டிரைவ் பெட்டி இருக்கிறதே, அதே தத்துவம்தான். சாயப்பட்டறையில் அதைப் பார்த்தவனுக்கு இது அந்நியம் இல்லை.

2. கட்டளை போகும் பாதை

இரண்டாம் தலைமுறை ப்ரியஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் ஏசிக்குத் திருகு குமிழ் கிடையாது. நடுவில் உள்ள தொடுதிரையில்தான் காற்றின் வேகத்தையும் திசையையும் மாற்ற வேண்டும். திரையைத் தொட்டதும் செய்தி திரைப்பெட்டியிலிருந்து கேட்வே என்ற கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்த வண்டிக்குள் மூன்று விதமான தகவல் வலைகள் உண்டு. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. கேட்வே மொழிபெயர்த்து ஏசி ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்கிறது. அது ஹைப்ரிட் கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்கிறது. அனுமதி கிடைத்தால்தான் இன்வெர்ட்டர் கம்ப்ரசரைச் சுற்றும்.

இதை நம் ஊர் கம்பெனி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பையர் "நூல் கலரை மாற்று" என்கிறார். மெர்ச்சண்டைசர் அதைப் புரிந்துகொண்டு புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்கிறார். அவர் சூப்பர்வைசரிடம் சொல்ல, கடைசியாகப் பவர் டேபிளில் இருக்கும் டெய்லருக்கு வருகிறது. நடுவில் ஒருவர் வராவிட்டால் டெய்லர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். அதற்காக டெய்லரின் மெஷினைக் கழற்றிப் போட்டால் என்ன பிரயோஜனம்?

பதில் சொல்லாத பட்டனும் அப்படித்தான். குளிரூட்டும் பாகம் கெட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கேள்வி எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

3. முதலில் அறிகுறியைப் பிரியுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்து பாருங்கள். கோளாறு கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாக இருக்கும்.

அ) திரை எரிகிறது, தொட்டால் 'பீப்' இல்லை, எதுவும் மாறவில்லை. கேள்வியே புறப்படவில்லை. திரைப்பெட்டி அல்லது தகவல் வலைக் கோளாறு.

ஆ) திரை இருட்டு, கடிகாரம் தவறு, வேறு விளக்குகளும் கோணல்மாணல். இது மின்சாரம் சரியாக வராத கோளாறு. ஃப்யூஸ், 12 வோல்ட் பேட்டரி, எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இ) எண் மாறுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் குளிரவில்லை. கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது. கேஸ் அளவு, சென்சார், கம்ப்ரசர் பக்கம் போகலாம்.

ஈ) குளிர்கிறது, ஆனால் காற்றின் திசை மாறவில்லை, அல்லது ஒரு பக்கம் சூடு. உள்ளே மடலைத் திருப்பும் சிறு மோட்டார்களைச் சந்தேகிக்கலாம்.

ஒரு சின்ன உபாயம். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் வீலிலும் ஏசிக்கு ஆட்டோ, வெப்பநிலை பட்டன்கள் உண்டு. திரை பதில் சொல்லாதபோது ஸ்டியரிங் பட்டன் வேலை செய்து குளிர்ச்சியும் வந்தால், கம்ப்ரசர், கேஸ், இன்வெர்ட்டர் மூன்றும் நலம் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்தாயிற்று!

இலங்கையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள் பலவற்றில் திரையில் ஜப்பானிய எழுத்துத்தான் இருக்கும். எந்தப் பட்டன் எதற்கு என்றே தெரியாமல் "வேலை செய்யல" என்று சொல்வதும் நடக்கும். கையேட்டை வைத்துக்கொண்டு அதையும் சரிபார்க்க வேண்டும்.

4. சோதனை வரிசை

ஆபத்தில்லாதது முதலில், செலவில்லாதது முதலில். இதுதான் வரிசைக்கு விதி.

படி 1: ரெடி விளக்கு. பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை அழுத்தினால் வண்டி ஆன் நிலைக்கு வரும். விளக்கு எரியும், காற்றும் வரும், ஆனால் கம்ப்ரசர் ஓடாது. பிரேக்கை மிதித்து அழுத்தி 'ரெடி' என்று வந்த பிறகே குளிர்ச்சியைச் சோதிக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் ஈகோ முறை போட்டிருந்தால் ஏசியின் பலம் குறைக்கப்படும். அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

படி 2: சின்ன பேட்டரி. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். ஹைப்ரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு. கம்ப்யூட்டர்கள், திரை, காற்று மோட்டார் எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. சாதாரண காரில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட்டர் 'கர்... கர்...' என்று இழுத்து நமக்குச் சொல்லிவிடும். ப்ரியஸ் போன்ற வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லை. என்ஜினைப் பெரிய பேட்டரியின் பலத்தில் சுற்றுகிறார்கள். அதனால் சின்ன பேட்டரி சாகப்போவது காதுக்குத் தெரியாது. அதற்குப் பதில் திரை மரத்துப் போவது, கடிகாரம் அழிவது, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கு எரிவது என்று விசித்திரமான ரூபத்தில் வெளிப்படும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு ஆன் நிலையில் ஹெட்லைட்டைப் போட்டுக் கவனியுங்கள். சீக்கிரமே 11க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலம் போய்விட்டது. ரெடி நிலையில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அந்த மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதில்லை. பெரிய பேட்டரியின் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் தருகிறது.

இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் இந்தப் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கியோ மின்சாரத்தில் திறக்கிறது. பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது! ஆகவே பானெட்டுக்குக் கீழ் ஃப்யூஸ் பெட்டியில் பாசிட்டிவ் முனை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து வெளி பேட்டரியை இணைக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் விலையுயர்ந்த கம்ப்யூட்டர்கள் கருகிவிடும். இரண்டு முறை பார்த்து ஒரு முறை மாட்டுங்கள்.

படி 3: ஃப்யூஸ். கண்ணால் பார்த்தால் போதாது. ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் தனித்தனியே மீட்டரை வைத்து எர்த்துக்கு எதிரே அளவு எடுங்கள். ஒன்றில் 12 வோல்ட் இருந்து மற்றதில் இல்லையென்றால் ஃப்யூஸ் போய்விட்டது. 'டோம்' என்று எழுதியிருப்பது கூரை விளக்குக்கு மட்டும்தான் என்று விட்டுவிடாதீர்கள். பல டொயோட்டா வண்டிகளில் நினைவகம் உள்ள பெட்டிகளுக்கும் அந்த வழியாகவே நிரந்தர மின்சாரம் போகிறது.

படி 4: எர்த். காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அந்தப் பெட்டியின் எர்த் வயருக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் எங்கோ துரு, எங்கோ தளர்ந்த போல்ட். சுத்தம் செய்து இறுக்குங்கள்.

படி 5: கனெக்டர். 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றிய பிறகு திரைப்பெட்டியின் பின்புற கனெக்டர்களைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள். இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் திரைப்பெட்டிக்கு உள்ளே சால்டரிங் விட்டுப்போவது பலரும் கண்ட கோளாறு. வண்டி ஆறியிருக்கும்போது வேலை செய்து, சூடானதும் மரத்துப் போகிறது, தட்டினால் உயிர் வருகிறது என்றால் இணைப்புத்தான் குற்றவாளி. ஏசியில் கை வைக்கத் தேவையே இல்லை.

படி 6: கோடு எண். மேற்கண்ட ஐந்தும் சரியாக இருந்தால் ஸ்கேனர் போடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டாலும், தனி ஏசி பேனல் உள்ள பல டொயோட்டா வண்டிகளில் ஆட்டோ பட்டனையும் உள்காற்று பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் வண்டியே தன் கோளாறைச் சொல்லும். விளக்குகள் மின்னிய பிறகு எண் வரும். 00 என்றால் கோளாறு இல்லை. 11 உள்வெப்ப சென்சார், 12 வெளிவெப்ப சென்சார், 13 எவாப்பரேட்டர் சென்சார், 21 சூரிய ஒளி சென்சார். ஷெட்டுக்குள் நிழலில் சோதித்தால் கோளாறு இல்லாமலே 21 வரும். அதை நம்பி சென்சாரை மாற்றிவிடாதீர்கள். வெயிலில் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

5. நம் ஊர்ப் பஞ்சும் பின்சீட்டு ஜன்னலும்

கையேட்டில் பொதுவாகச் சொல்லியிருப்பது நம் ஊரில் தனி விசேஷம் பெறுகிறது. ப்ரியஸின் பெரிய பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிர்விக்க வெளிக்காற்று எடுப்பதில்லை. பின்சீட்டு ஓரத்தில் உள்ள சிறு ஜன்னல் வழியாக நாம் உட்கார்ந்திருக்கும் கேபின் காற்றையே ஒரு ஃபேன் உறிஞ்சுகிறது. ஆக, ஏசி நமக்கு மட்டும் அல்ல, பேட்டரிக்கும் சேர்த்துத்தான். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் பேட்டரி வேகும், ஆயுளும் குறையும்.

திருப்பூரில் பின்சீட்டில் என்ன இருக்கும்? சாம்பிள் பீஸ் கட்டு, துணி ரோல், கட்டிங் வேஸ்ட் மூட்டை. ஜன்னல் மூடிவிடும். போதாக்குறைக்குப் பனியன் துணியின் பஞ்சு அந்த வழியாகப் போய் ஃபேன் இறக்கைகளில் பாய் விரித்த மாதிரி படிந்துவிடும். நிட்டிங் மெஷினை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலையும் கேபின் ஃபில்டரையும் முறையாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி சூடானால் வண்டியே தன் மின்சாரச் செலவைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஏசி பலம் குறைந்தால், நோய் ஓரிடத்தில், வலி வேறிடத்தில் என்று அர்த்தம்.

6. ஆரஞ்சு நிறம் என்றால் நில்!

இதுவரை சொன்ன எதிலும் 12 வோல்ட்டைத் தாண்டவில்லை. டிப்ளமோ மாணவன் தைரியமாகச் செய்யலாம். இதற்கு மேல் ஆரஞ்சு நிற வயர்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது.

201.6 வோல்ட் டிசி ஆளைக் கொல்லப் போதுமானது. உள்ளே அது இரண்டாம் தலைமுறையில் 500 வோல்ட் வரையும், மூன்றாம் தலைமுறையில் 650 வோல்ட் வரையும் உயர்த்தப்படுகிறது. நம் மில்லில் 415 வோல்ட் மூன்று ஃபேஸை நேர்மின்சாரமாக்கினால் 415 ஐ 1.414 ஆல் பெருக்கி ஏறக்குறைய 587 வோல்ட் வரும். டிரைவ் பெட்டியை ஆஃப் செய்ததும் எலக்ட்ரீஷியன் உடனே திறக்கமாட்டார், கெப்பாசிட்டர் இறங்கும் வரை காத்திருப்பார். அதே மரியாதையை இந்தக் காருக்கும் கொடுக்க வேண்டும். வண்டியை ஆஃப் செய்து, சாவியைத் தூரமாக வைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கிளவுஸ் போட்டு, சர்வீஸ் பிளக்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே வேலை. கிளவுஸின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்துப் பாருங்கள். காற்று கசிந்தால் அந்த கிளவுஸ் குப்பைக்கு. பயிற்சி பெற்றவர் கூட இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

அடுத்தது எண்ணெய். இந்தக் கம்ப்ரசரில் மோட்டார் சுருள் கேஸுக்கும் எண்ணெய்க்கும் நடுவிலேயே சுற்றுகிறது. ஆகவே மின்சாரம் கசியவிடாத என்டி-11 என்ற தனி எண்ணெய். சாதாரண காருக்குப் போடும் பேக் எண்ணெய் சிறிது கலந்தாலும் இன்சுலேஷன் குறைந்து பி0ஏஏ6 என்ற கோடு வந்து எச்சரிக்கை விளக்கு எரியும். கேஸ் ஆர்-134ஏ தானே என்று நினைத்து, மற்ற கார்களுக்குப் பயன்படுத்திய எண்ணெய் ஓஸை அப்படியே மாட்டினால் பட்டன் கோளாறுக்கு வந்த வண்டி கம்ப்ரசர் கோளாறோடு போகும்.

7. பழைய வண்டி வாங்குகிறவருக்கு

வாங்கும் முன் நம்மைக் கூட்டிக்கொண்டு போனால் இதைச் செய்யுங்கள். ஏசியின் எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு மறுபடி அழுத்துங்கள். ரெடி நிலையில் என்ஜின் நின்றிருக்கும்போதும் குளிர் வருகிறதா பாருங்கள். சின்ன பேட்டரியின் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்சீட்டு ஜன்னலில் விரலை விட்டுப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள். "ஏசியில் எண்ணெய் மாற்றினீர்களா, எந்த எண்ணெய்?" என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேனர் ரிப்போர்ட் இல்லாமல் முன்பணம் கொடுக்க விடாதீர்கள்.

முடிவுரை

நம்மில் பலர் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பட்டறையில் சேர்ந்தால் நாம் ஹெல்ப்பர்தான். இருபது வருட அனுபவம் உள்ள அண்ணனின் கையில் உள்ள பக்குவம் நம் புத்தகத்தில் கிடையாது. ஆனால் இந்த வண்டிகளின் கையேடு இங்கிலீஷில் இருக்கிறது. அதைப் படித்து அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல நம்மால் முடியும். மெர்ச்சண்டைசர் செய்கிற அந்த வேலையைப் பட்டறையில் நாம் செய்யலாம். அதனால் வண்டிக்காரருக்குப் பணம் மிஞ்சும், அண்ணனுக்குப் பெயர் மிஞ்சும், நமக்கு உயிர் மிஞ்சும்.

நம் மாணவர் மன்றம் அடுத்த ஆண்டு ஒருநாள் ஹைப்ரிட் பாதுகாப்பு வகுப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழக்கமில்லாத வேலைக்கு முதலில் இறக்கப்படுகிறவன் எப்போதும் ஹெல்ப்பர் பையன்தான். யாராவது "தம்பி, அந்த ஆரஞ்சு வயரைக் கழட்டு" என்று சொன்னால், "கிளவுஸ் இருக்குங்களாண்ணா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள் தோழர்களே!